மூன்று புத்தகங்களுக்கு உறை

— மூணும் ஒரே அளவுன்னா ஒரே துணியில வெட்டிடலாமே ஐயா. எதுக்கு மூணு நிறம்?

— நிறம் வேற வேறயாத்தான் இருக்கணும் தங்கச்சி. பத்தடி தள்ளி நின்னு பார்த்தாலே எது எதுன்னு தெரியணும்.

— தலையணைக்கா?

— புத்தகத்துக்கு.

— இவ்வளவு பெரிய புத்தகமா? எந்த வீட்டுப் பிள்ளை பாவம் இதைச் சுமந்துக்கிட்டுப் போகுது?

— இது படிக்கிற புத்தகம் இல்ல. தொடற புத்தகம்.

— தொடற புத்தகம்...

— ஏன் தங்கச்சி, கத்திரியைக் கீழ வச்சிட்டீங்க?

— அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க. ஆமா, சரிதான். வந்ததுலேருந்து எங்கயோ பார்த்த முகம்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தோள்ல அந்தச் சிவப்புப் பட்டை இல்லாம அடையாளம் பிடிபடல. நீங்க கோர்ட் டவாலி.

— பட்டையைக் கழட்டிட்டா என் வீட்டுக் கண்ணாடிக்கே என்னை அடையாளம் தெரியறதில்ல.

— அந்த வராந்தாவுல நின்னு என் பேரை மூணு தடவை கத்துனீங்க. எங்க அப்பாகூட என்னை அவ்வளவு சத்தமாக் கூப்பிட்டதில்ல.

— என் வேலை அது.

— வேலையா இருக்கட்டும். கோர்ட் சாமான் எதையும் நான் தைக்கறதில்ல ஐயா. பஸ் நிலையத்துக்குப் பின்னால ஒருத்தர் இருக்காரு. தையல் சுத்தமா இருக்கும். அவர்கிட்டக் குடுங்க.

— அமைதி, அமைதி. கொஞ்சம் கேளுங்க.

— நான் அமைதியாத்தான் இருக்கேன். நீங்கதான் ஜட்ஜ் உள்ள வர்ற மாதிரி கத்துறீங்க.

— பழக்கதோஷம் தங்கச்சி. முப்பத்தொரு வருஷமா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே தொண்டை தேஞ்சுபோச்சு. உண்மையைச் சொல்லிடறேன். நான் உறை தைக்க வரல.

— அது தெரியும். மதியத்துலேருந்து இந்தத் தெருவுல நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் போனீங்க. முதல் தடவை, யாரோ வீட்டுக்காரம்மாவைத் தேடறாருன்னு நினைச்சேன். நாலாவது தடவை, வீட்டுக்காரம்மாதான் உங்களைத் துரத்திவிட்டுட்டாங்களோன்னு நினைச்சேன்.

— துரத்திவிடறதுக்கு அவ இல்ல. போய் மூணு வருஷமாச்சு.

— அடடா. வாய் துடுக்கு எனக்கு. அதை விடுங்க. உக்காருங்க ஐயா. அந்த ஸ்டூல்ல இருக்கற துணியை எடுத்துக் கீழ வையுங்க, பரவாயில்ல. யாரும் உக்காரறதில்லன்னு அதுமேல துணி போட்டே பழகிடுச்சு.

— ஏன், தைக்கக் குடுக்க வர்றவங்க உக்கார மாட்டாங்களா?

— வாசல்லயே நின்னு நீட்டுவாங்க, வாசல்லயே நின்னு வாங்கிப்பாங்க. தம்பியை ஜெயிலுக்கு அனுப்பினவ வீட்டு ஸ்டூலுக்கு முள்ளு இருக்குமோ என்னவோ. என் தையல் மட்டும் வேணும். இந்தாங்க தண்ணி.

— தங்கச்சி, நான் வந்ததே அந்த விஷயமாத்தான்.

— எந்த விஷயமா?

— நீங்க சாட்சி சொன்ன நாள் விஷயமா.

— மெதுவாப் பேசுங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்க அம்மா இருக்காங்க.

— ஒரே வீடா இது?

— ஒரே வீடாத்தான் இருந்துச்சு. தீர்ப்பு வந்த மறு வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு நடுவுல எழுப்பிட்டாங்க. நிமிர்ந்து பாருங்க, கூரை வரைக்கும் போகல. செங்கல் பத்தலயா மனசு பத்தலயான்னு எனக்குத் தெரியாது. அம்மா இருமினா இங்க கேக்கும். நான் மிஷினை மிதிச்சா அங்க கேக்கும். ரெண்டு வருஷமா எங்க பேச்சு அதுதான்.

— ஒரு வார்த்தைகூட இல்லயா?

— தைச்சு முடிச்சதும் மிஷினைச் சும்மாவாவது பத்துத் தடவை மிதிப்பேன். நான் இருக்கேன்னு தெரியட்டும்னு. அதை விடுங்க. சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

— எப்படித் தொடங்கறதுன்னு தெரியல. கோர்ட்ல மூணு புத்தகம் இருக்கு. உங்க ஆளுங்களுக்கு ஒண்ணு, எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு, அந்த ஆத்தங்கரைப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணு. சாட்சி யாரோ, அவங்க புத்தகத்தைத் தட்டுல வச்சு நான்தான் நீட்டணும்.

— தெரியும். தொட்டவதானே நான்.

— முன்னாடியெல்லாம் ஒண்ணு பட்டுல இருக்கும், ஒண்ணு சாதாத் துணியில இருக்கும். போன ஜட்ஜுக்கு முந்தின ஜட்ஜ் ரொம்ப நல்ல மனுஷன். எல்லாரோட வேதமும் சமம், ஒண்ணுக்குப் பட்டு ஒண்ணுக்குப் பருத்தின்னு இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டு, மூணையும் ஒரே அளவுல வாங்கி, மூணுக்கும் ஒரே வெள்ளைத் துணியில உறை போடச் சொன்னாரு.

— சமம்னு காட்டறதுக்கு எல்லாத்தையும் ஒரே மாதிரி மூடி வைக்கணுமாக்கும்.

— எண்ணம் நல்ல எண்ணம் தங்கச்சி. உறையை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை துவைக்கணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன், என் வீட்டுக்காரி துவைப்பா. அவ ஒரு யோசனை பண்ணினா. உறை மூலையில நூலால ஒரு தையல் போட்டா உங்க புத்தகம், ரெண்டு போட்டா எங்க புத்தகம், மூணு போட்டா அவங்களோடது. நான் தடவிப் பார்த்துத் தட்டுல வைப்பேன். ஒரு நாளும் தப்பினதில்ல.

— கெட்டிக்காரிதான்.

— அவ போனதுக்கப்புறம் நானே துவைச்சேன். நானே மாட்டினேன். கேட்டா சிரிப்பீங்க. கண்ணை மூடிக்கிட்டுத்தான் மாட்டுவேன்.

— ஏன், சோப்பு கண்ணுல பட்டுடுச்சா?

— அடுத்தவங்க வேதத்தை நாம திறந்து பார்க்கிறது மரியாதை இல்லன்னு எங்க அப்பா சொல்லி வளர்த்தாரு. கையில துண்டைச் சுத்திக்குவேன், வெறுங்கை படக்கூடாதுன்னு. கண்ணை மூடிக்குவேன். அலமாரியில இடமிருந்து வலம் எது எதுன்னு எனக்கு மனப்பாடம். அந்த வரிசையில உறையைப் போட்டுட்டு வந்துடுவேன்.

— சரி.

— அவ போன வருஷம், உறையெல்லாம் துவைக்க என் வீட்ல இருந்தப்போ, கோர்ட்டுக்கு வெள்ளையடிச்சாங்க. அடிக்க வந்த ஆளு அலமாரியைக் காலி பண்ணிட்டு, முடிஞ்சதும் திருப்பி அடுக்கியிருக்கான். முதல் ரெண்டும் இடம் மாறிப்போச்சு. எனக்குத் தெரியல.

— ஐயா...

— போன வாரம் மழையில கூரை ஒழுகிப் புத்தகம் எல்லாம் நனைஞ்சுபோச்சு. பிரிச்சு வெயில்ல காய வையின்னு ஜட்ஜம்மா சொன்னாங்க. முதல் தடவையாக் கண்ணைத் திறந்துக்கிட்டுப் பிரிச்சேன். ஒரு தையல் போட்ட உறை. உள்ள எங்க புத்தகம். ரெண்டு தையல் போட்ட உறை. உள்ள உங்க புத்தகம்.

— எத்தனை நாளா?

— மூணு வருஷமா. உங்க ஆளுங்க எல்லாரும் எங்க புத்தகத்து மேல சத்தியம் பண்ணியிருக்காங்க. எங்க ஆளுங்க எல்லாரும் உங்க புத்தகத்து மேல.

— வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலயே.

— விழல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கல தங்கச்சி. என் முகமே அப்படித்தான். ஒரு வாரமாத் தூக்கம் இல்ல. நாங்க கும்பிடற கூடத்துல பெரியவர்கிட்டப் போய்ச் சொன்னேன். வாயைத் திறக்காதே, போனது போகட்டும்னாரு. கோர்ட்ல பெஞ்சு கிளார்க்கிட்டக் கேட்டேன். எழுதிக் குடுத்துடுய்யா, இல்லாட்டி பின்னால உன்னைத்தான் பிடிப்பாங்கன்னாரு. ஆண்டவன்கிட்டக் கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல.

— எங்க சாமியும் அப்படித்தான். கேக்கற அன்னிக்குத்தான் அதுக்கு வேற வேலை வந்துடும்.

— நாளன்னிக்கு எனக்கு வேலை முடியுது. பட்டையையும் அலமாரிச் சாவியையும் திருப்பிக் குடுக்கணும். அதுக்குள்ள இதை முடிக்கணும்.

— எதை?

— ரெண்டு காகிதம் வச்சிருக்கேன். ஒண்ணு நான் எழுதினது. நடந்ததை நடந்தபடி, கண்ணை மூடினது வரைக்கும். அதுல கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னொண்ணு உங்களுக்கு.

— எனக்கு என்னத்துக்கு?

— பெஞ்சு கிளார்க் சொன்னாரு. சாட்சியே வந்து, என் வேதத்து மேல நான் பிரமாணம் பண்ணல, என் சாட்சியை எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தா, கேஸை மறுபடி எடுக்க வழி இருக்காம். அந்தக் கேஸ்ல கண்ணால பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். நீங்க இல்லன்னா கேஸே நிக்காதுன்னாரு.

— அப்படின்னா?

— உங்க தம்பி வெளியில வந்துடலாம்.

— இருங்க. ஊசியில நூல் போயிடுச்சு. கோத்துக்கறேன்.

— நூல் ஊசியிலதான் இருக்கு.

— இருக்கட்டும். இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருக்கு அவனுக்கு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை நான் போவேன். துண்டு, சோப்பு, ஒரு சட்டை. ஜன்னல்ல பேர் குடுத்துட்டு உக்காந்திருப்பேன். அவன் வர்றதில்ல. சட்டையை மட்டும் வாங்கிக்கறான். அளவு சரியா இருக்கா, தோள்பட்டை பிடிக்குதான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு காவலுக்கு இருக்கறவரைக் கேப்பேன். அவரு நல்ல மனுஷன். சரியா இருக்காம்மான்னு ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லுவாரு.

— பொய்யின்னு எப்படித் தெரியும்?

— ஒரு தடவை வேணும்னே ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையாத் தைச்சுக் குடுத்தேன். அதுக்கும் சரியா இருக்காம்னாரு.

— ஆண்டவனே.

— அவனுக்கு நான்தான் எல்லாம் ஐயா. முதல் நாள் பள்ளிக்கூடச் சட்டை நான் தைச்சது. அப்பா இல்லாத வீடு. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. என் மடியில உக்காந்துக்கிட்டு மிஷின் சக்கரத்தைச் சுத்துவான். அந்தக் கையிதான் கல்லைத் தூக்குச்சு.

— நீங்க அப்போ எங்க நின்னீங்க?

— கோர்ட்ல சொன்னேனே, நீங்களும்தான் கேட்டீங்க.

— நான் எதையும் கேக்கறதில்ல தங்கச்சி. கேட்டா ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். என் வீட்ல இடமில்ல.

— ஒரு வீட்ல துணி குடுத்துட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். சாயந்திரம். உங்க கூடத்து வாசல்ல ஒலிபெருக்கிச் சண்டை. இவங்க சத்தத்தைக் குறைன்னாங்க, அவங்க உங்க சத்தத்தைக் குறைன்னாங்க. கடைசியில யாருக்கும் எதுவும் கேக்கல. கூடத்துக் காவல்காரர் இருக்காரே, அந்த வயசானவரு, அவரு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நடுவுல வந்தாரு. வேண்டாம் வேண்டாம்னு. தம்பி எறிஞ்ச கல்லு அவரு கண்ணுல பட்டுச்சு. அக்கான்னு என்னைப் பார்த்தான். எறிஞ்சதுக்கப்புறம்தான் பார்த்தான்.

— அந்தக் காவல்காரர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ஒரே வரிசையில உக்காந்து கும்பிடறோம்.

— இங்க வர்றாரு அவரு.

— இங்கயா? எதுக்கு?

— மாசத்துக்கு ஒரு தடவை. சட்டையில பட்டன் விழுந்துடுச்சும்மான்னு. தானா விழுந்த பட்டனையும் பிச்சு எடுத்த பட்டனையும் தையக்காரிக்குத் தெரியாதா? அவரே பிச்சுட்டு வர்றாரு. நானும் ஒண்ணும் கேக்காம வச்சுக் குடுப்பேன். அவருக்கு இருக்கற ஒத்தைக் கண்ணால ஊசி கோக்க முடியாதுன்னு நானே சொல்லிக்குவேன். அவரும் உக்கார மாட்டாரு. ஆனா மத்தவங்க மாதிரி இல்ல. நின்னுக்கிட்டே அரை மணி நேரம் மழையைப் பத்திப் பேசிட்டுப் போவாரு.

— என்கிட்ட அவரு இதைச் சொன்னதில்ல.

— சொல்லக் கூடாத விஷயம்னு நினைச்சிருப்பாரு. அதை விடுங்க. ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இதைச் சொன்னா ஊர் உங்களை என்ன சொல்லும்?

— தெரியும். அந்தக் கேஸ்ல அடிபட்டது எங்க ஆளு. நானும் எங்க ஆளு. சாட்சிக்கு எங்க புத்தகத்தை நீட்டினது நான். வேணும்னே பண்ணினான்னு சொல்லும்.

— கண்டிப்பாச் சொல்லும். ஊருக்கு வேற என்ன வேலை.

— உங்க ஆளுங்க என் வீட்டுக்கு வரலாம். எங்க ஆளுங்களும் வரலாம், அவங்க சத்தியம் உங்க புத்தகத்து மேல ஆயிடுச்சேன்னு. ரெண்டு பக்கமும் வந்தா உக்கார வைக்க என்கிட்ட ஒரு நாற்காலிதான் இருக்கு.

— பயமா இல்லயா?

— இருக்கு. ஆனா ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்கங்க. ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும், வீட்டுக்காரி பேரை மூணு தடவை கூப்பிடுவேன். வராந்தாவுல கூப்பிடற மாதிரியே. ஆள் ஆஜராகலன்னு நானே சொல்லிட்டுப் படுத்துக்குவேன். போன வாரத்துலேருந்து என்னால கூப்பிட முடியல. அவ கேட்டா என்ன சொல்லுவேன்? நீ போட்ட தையலை நான் கெடுத்துட்டேன், ஒரு குடும்பத்துக்கு நடுவுல சுவர் எழும்பிடுச்சுன்னா?

— சுவரை நீங்க கட்டல.

— என் தட்டுலேருந்துதானே ஆரம்பிச்சது. தங்கச்சி, நான் உங்களை வற்புறுத்த வரல. நீங்க வேண்டாம்னா என் காகிதத்தைக் கிழிச்சுடறேன், பட்டையைக் குடுத்துட்டுப் போயிடறேன், சாகற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். வேணும்னா ரெண்டையும் சேர்த்து நாளைக்கே ஜட்ஜம்மா மேசையில வைக்கறேன். உங்களைக் கேக்காம ரெண்டும் பண்ணக் கூடாதுன்னுதான் நாலு தடவை நடந்தேன்.

— கையெழுத்து எங்க போடணும்?

— இங்க. கீழ.

— போட்டா தம்பி வந்துடுவான். அம்மா பேசுவாங்களா ஐயா?

— அதை நான் எப்படித் தங்கச்சி சொல்ல முடியும்?

— போடு பாப்பா.

— யார் அது?

— அம்மா...

— கையெழுத்தைப் போடுன்னேன். கேக்குதா?

— அம்மா. நீ கேட்டுக்கிட்டிருந்தியா?

— உன் மிஷின் நின்னு அரை மணி நேரமாச்சு. நின்னா என்னன்னு பார்க்க மாட்டேனா? அங்க இருக்கறவரே, பேனா இருக்கா உங்ககிட்ட?

— இருக்கு பெரியம்மா.

— அவ கையில குடுங்க. பாப்பா, அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டியா? உன் சாமி மேல நீ கை வைக்கல. அப்படின்னா அது சத்தியமே இல்ல. என் பிள்ளையை நீ சொல்லி அனுப்பல, ஏதோ ஒரு துணி மாறிப்போச்சு, அவ்வளவுதான். உன் மேல தப்பே இல்லடி. ரெண்டு வருஷமா நான்தான் பைத்தியக்காரி மாதிரி உன்மேல கோவமா இருந்துட்டேன்.

— அம்மா, நீ என்னைப் பாப்பான்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

— எண்ணிக்கிட்டா இருந்தேன்? உன் தட்டு இன்னும் இங்கதான் இருக்கு. தினம் கழுவிக் கவுத்து வைக்கறேன். கையெழுத்துப் போட்டுட்டு இந்தப் பக்கம் வா. இன்னிக்குச் சாப்பாடு இங்க சாப்பிடு.

— என்ன சமைச்சிருக்க?

— நீ வர்றேன்னா சமைப்பேன். எனக்கு ஒருத்திக்கு எவ சமைப்பா? உன் தம்பி பொண்டாட்டியும் அவ அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாசமாச்சு.

— போயிட்டாளா? எனக்குத் தெரியாதே. ரெண்டு பேர் நடக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே.

— நான்தான் நடக்கறேன். முன்னாலயும் பின்னாலயும்.

— தங்கச்சி, நான் வேணும்னா வெளியில நிக்கறேன். இது உங்க குடும்பப் பேச்சு.

— இருங்க ஐயா. போகாதீங்க. அம்மா, நீ சுவர்கிட்ட வந்து நில்லு.

— சுவர்கிட்டத்தான்டி நிக்கறேன். அழறியா?

— இல்ல. சளி. அம்மா, அன்னிக்குக் காலையில கோர்ட்டுக்குக் கிளம்பறப்போ வாசல்ல வச்சு என்கிட்ட என்ன சொன்ன?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொல்லும்மா. இவரு நம்ம ஆளு இல்ல, ஆனா தப்பா எடுத்துக்க மாட்டாரு.

— இருட்டா இருந்துச்சு, யாரு எறிஞ்சாங்கன்னு தெரியலன்னு சொல்லிடுன்னேன். பெத்தவ வேற என்னடி சொல்லுவா?

— சாமி மேல சத்தியம் பண்ணிட்டு எப்படிம்மா பொய் சொல்றதுன்னு கேட்டேன். அதுக்கு நீ சொன்னதைச் சொல்லு.

— நம்ம சாமிதானே, அப்புறம் நாம போய்க் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கலாம்னேன். நீயும் சரின்னுதானே தலையாட்டின. ஆட்டிட்டுப் போய் அங்க மாத்திச் சொன்ன. அதைத்தான்டி என்னால தாங்க முடியல. நீ முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாக்கூடப் பரவாயில்ல.

— தலையாட்டினது உண்மை. வழியெல்லாம் அதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். இருட்டு, தெரியல, இருட்டு, தெரியலன்னு. தம்பி எதிர்ல நின்னான். அவனைப் பார்த்துச் சிரிச்சேன்கூட. பயப்படாதேன்னு.

— அப்புறம் என்னடி ஆச்சு உனக்கு?

— ஐயா, நீங்க தட்டை நீட்டினீங்க. நான் கையை வச்சேன்.

— ஆமா தங்கச்சி. விரலால துணியைத் தடவினீங்க. வேண்டிக்கறீங்கன்னு நினைச்சேன்.

— எங்க புத்தகத்து அட்டையில நடுவுல மேடா ஒரு வட்டம் இருக்கும். ராத்திரி அம்மா படிக்கறப்போ நான் அதைத் தடவிக்கிட்டே தூங்குவேன். துணிக்கு மேலயும் தெரியும். ஊசி பிடிக்கிற விரல் இது. அன்னிக்கு வட்டம் இல்ல. ஓரத்துல வரி வரியா மேடு இருந்துச்சு. காவல்காரர் முன்னாடி ஒரு தடவை தன் புத்தகத்தை வச்சுக்க என்கிட்ட ஒரு பை தைச்சு வாங்கியிருக்காரு. அளவு எடுக்கறப்போ அந்த வரியைத் தொட்டிருக்கேன்.

— அப்படின்னா... உங்களுக்கு அப்பவே தெரியுமா? ரெண்டு வருஷமாத் தெரியுமா? புத்தகம் மாறியிருக்குன்னு ஏன் தங்கச்சி அப்பவே சொல்லல? அது உங்க வேதம் இல்லயே, உங்களைக் கட்டுப்படுத்தாதே!

— அதையேதான் நானும் கேக்கறேன். தெரிஞ்சா உனக்கு இன்னும் வசதியாப் போச்சு. நம்ம சாமி இல்லாத இடத்துல பொய் சொல்ல என்னடி பயம்?

— நம்ம சாமிகிட்டப் பொய் சொல்லலாம்னுதாம்மா கூண்டு ஏறினேன், அது என்னைச் சின்னப் பிள்ளையிலேருந்து பார்க்குது, மன்னிச்சிடும்னு. கையை வச்சதும் அது அந்தக் காவல்காரரோட சாமின்னு தெரிஞ்சுபோச்சு. அந்தச் சாமிக்கு என்னைத் தெரியாதேம்மா, அதுகிட்ட நான் எப்படிப் பொய் சொல்லுவேன்?